கேள்வி பதில்: ஜீனோம் கோப்பில் ஏன் இத்தனை 'என்'?

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முதலாண்டு படிக்கிறேன். மனித ஜீனோமின் 1ஆம் குரோமோசோமை சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கித் திறந்தேன். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளான ஏ, சி, ஜி, டி வரும் என்று பார்த்தால் திரை முழுக்க ஆங்கில 'என்' எழுத்துதான். கோப்பு கெட்டுப்போய்விட்டதா? (கோவையிலிருந்து ஒரு மாணவி)

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, திரும்ப இறக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள். அந்தத் தளத்துக் கோப்பில் ஒரு வரிக்கு 50 எழுத்து. தலைப்பு வரியை விட்டுவிட்டு எண்ணினால் முதல் 200 வரியும் 'என்'தான், அதாவது சரியாக 10,000 எழுத்து. அதற்கு அடுத்த வரியில் சின்ன எழுத்தில் டி-ஏ-ஏ-சி-சி-சி, டி-ஏ-ஏ-சி-சி-சி என்று அதே ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். குரோமோசோமின் நுனியான டெலோமியரின் உட்புற ஓரம் அது. 22ஆம் குரோமோசோமைத் திறந்திருந்தால் இன்னும் பயந்திருப்பீர்கள், அங்கே முதல் எழுத்து கண்ணில் படுவதற்குள் 1 கோடியே 5 லட்சத்து 10 ஆயிரம் 'என்'களைத் தாண்டியாக வேண்டும்.

'என்' என்றால் "இந்த இடத்தில் நான்கு எழுத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, எது என்று தெரியாது" என்று பொருள். அப்படித் தொடர்ச்சியாக வந்தால் அது இடைவெளி. இடைவெளியின் நீளம் பெரும்பாலும் அளந்து போட்டதல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெலோமியருக்கு 10,000 என்பது ஒரு வழக்கம். நடுவில் பல இடங்களில் சரியாக 50,000 இருக்கும். ஜென்பேங்க் என்ற மரபணுத் தரவுத்தளத்தின் முறையில், எவ்வளவு நீளம் என்றே தெரியாத இடைவெளிக்கு 100 போடுவார்கள். 1ஆம் குரோமோசோமின் நடுப்பகுதியில் 1 கோடியே 80 லட்சம் 'என்' ஒரே மூச்சாக வருகிறது. இப்படி முழு எண்ணாக வந்தால் அது கணித்து வைத்த அளவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ஏன் தெரியாமல் போனது? குரோமோசோமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துக்கொண்டே போகும் இயந்திரம் இன்றுவரை கிடையாது. டிஎன்ஏவைத் துண்டாக்கி, துண்டுகளைப் படித்து, எந்தத் துண்டின் வால் எந்தத் துண்டின் தலையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துத்தான் கோக்கிறார்கள். பழைய சேங்கர் முறையில் ஒரு துண்டில் 500 முதல் 800 எழுத்து வரை படிக்கலாம். இல்லுமினா இயந்திரங்களில் பெரும்பாலும் 150தான். ஆனால் நம் ஜீனோமில் ஏறக்குறைய பாதி, ஒரே மாதிரி தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதி.

வீட்டில் பாட்டி லட்சம் தடவை ஸ்ரீராமஜெயம் எழுதிய நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு மூன்று சொல் மட்டும் வருகிற மாதிரி சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக் கலந்துவிட்டால், எந்தத் துண்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, மொத்தம் எத்தனை தடவை எழுதியிருந்தார் என்பதுகூடத் தெரியாது. ஒவ்வொரு துண்டையும் ஒரு பிழையும் இல்லாமல் படித்துவிடலாம், அதனால் ஒரு பயனும் இல்லை. குரோமோசோமின் நடுவில் இருக்கும் சென்ட்ரோமியர் இப்படிப்பட்ட இடம். 171 எழுத்துள்ள ஆல்ஃபா சாட்டிலைட் என்ற தொடர் அங்கே லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு வரிசையாக வருகிறது. எக்ஸ் குரோமோசோமில் அப்படிப்பட்ட 12 தொடர்கள் சேர்ந்து சுமார் 2,000 எழுத்துள்ள ஒரு கட்டு, அந்தக் கட்டு மறுபடி மறுபடி வந்து 30 லட்சம் எழுத்துக்கு மேல் நீள்கிறது. 150 எழுத்துத் துண்டை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய முடியும்?

13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகளும் (சென்ட்ரோமியருக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் குட்டையான பகுதி) இதே கதைதான். ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணுக்கள், ஒவ்வொரு பிரதியும் 45,000 எழுத்துக்கு அருகில், அடுக்கடுக்காக அங்கே நிற்கின்றன. ஐந்து கைகளிலும் ஒன்றுபோலவே நிற்பதால், ஒரு துண்டு எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்பதிலேயே குழப்பம் வந்துவிடும். 22ஆம் குரோமோசோமின் அந்த ஒரு கோடி 'என்' இங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. மனித ஜீனோம் திட்டத்தில் டிஎன்ஏவை ஒன்று, ஒன்றரை லட்சம் எழுத்துத் துண்டுகளாக ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்துத்தான் பெருக்கினார்கள். சில தொடர்களை அந்தப் பாக்டீரியா ஏற்காது, சிலவற்றைத் தானே வெட்டிச் சுருக்கிவிடும். ஜி, சி அதிகமாக உள்ள பகுதிகளை நகலெடுப்பதும் சிரமம். அதனால், திரும்ப வரும் தொடர் எதுவும் இல்லாத இடத்திலும், துண்டே கையில் கிடைக்காமல் இடைவெளி விழுந்திருக்கிறது.

கேள்வி: தெரியாத இடத்தை விட்டுவிட்டு, தெரிந்ததை மட்டும் ஒட்டி வைத்திருக்கலாமே? (திருநெல்வேலி)

ஒட்டினால், பக்கத்தில் இல்லாத இரண்டு பகுதிகள் பக்கத்தில் இருப்பதாக ஆகிவிடும். அது பொய். அதோடு, ஜீனோமில் எல்லாவற்றுக்கும் முகவரி எண்தான். இந்த மரபணு 1ஆம் குரோமோசோமில் இத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்றுதான் உலகம் முழுக்க ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் பேசிக்கொள்கின்றன. ஓர் இடைவெளியைக் கூட்டினாலோ குறைத்தாலோ அதற்குப் பிறகு வரும் அத்தனை முகவரியும் நகர்ந்துவிடும். 2009இல் ஜி.ஆர்.சி.எச் 37, 2013 டிசம்பரில் ஜி.ஆர்.சி.எச் 38 என்று பதிப்பு மாறியபோது இது நடந்தது, பழைய முகவரியைப் புதியதாக மாற்றுவதற்கென்றே தனி மென்பொருள் தேவைப்பட்டது. அதனால்தான் நடுவில் ஒரு சின்ன இடைவெளிக்கு விடை கிடைத்தாலும் உடனே உள்ளே நுழைத்துவிடுவதில்லை. ஒட்டுத் திருத்தமாகத் தனியே வெளியிட்டு, முகவரிகளை அசையாமல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சின்ன எழுத்தில் வருவதும் தெரியாத எழுத்தா? சில இடங்களில் 'ஆர்', 'எம்' என்றெல்லாம் பார்த்தேன், அவை என்ன? (சேலம்)

சின்ன எழுத்து தெரிந்த எழுத்துதான். திரும்ப வரும் தொடர் என்று மென்பொருள் அடையாளம் கண்ட பகுதியைச் சின்ன எழுத்தாக்கி வைப்பார்கள், அவ்வளவே. ஆனால் அதே பகுதியை முழுக்க 'என்' போட்டு மறைத்த கோப்புகளும் கிடைக்கின்றன, தெரியாமல் அதை இறக்கிவிட்டால் ஜீனோமில் பாதி காணாமல் போன மாதிரி இருக்கும். கோப்பின் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

'ஆர்' என்றால் ஏ அல்லது ஜி. 'ஒய்' என்றால் சி அல்லது டி. 'எம்' என்றால் ஏ அல்லது சி. நான்கில் இரண்டு வரை சுருக்கிவிட்டோம், அதற்கு மேல் முடியவில்லை என்று அர்த்தம். எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பொதுவான ரெஃபரன்ஸ் ஜீனோமில் இவை மிக மிக அரிது. இயந்திரம் தரும் துண்டுகளிலும் 'என்' வரும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அந்த ஒரு துண்டில், அந்த ஒரு எழுத்தில் சிக்னல் தெளிவாக இல்லை என்பதற்கான குறி. அதே இடத்தை மற்ற துண்டுகள் சரியாகப் படித்திருக்கும்.

கேள்வி: 2003லேயே மனித ஜீனோம் முழுதாகப் படித்து முடிந்தது என்று செய்தி வந்ததே. அப்போது சொன்னது உண்மை இல்லையா? (யாழ்ப்பாணம்)

அன்று எடுத்துக்கொண்ட இலக்கு முடிந்தது. 2001இல் வந்த வரைவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இடைவெளி. 2003 ஏப்ரலில் திட்டம் நிறைவு என்று அறிவித்தார்கள், 2004 அக்டோபர் கட்டுரையில் 285 கோடி எழுத்து, 341 இடைவெளி என்று எழுதினார்கள், ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்குத் துல்லியம். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ததை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் "முழுது" என்று அவர்கள் சொன்னது யூக்ரோமாட்டின் எனப்படும், மரபணுக்கள் நிறைந்த பகுதியைத்தான். அதிலும் 99 சதவீதம். சென்ட்ரோமியர் மாதிரியான இறுகிய பகுதிகள் ஆரம்பத்திலிருந்தே கணக்கில் இல்லை. கட்டுரையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள், செய்தித்தாள் தலைப்புகளில்தான் அது விடுபட்டுப்போனது. 2013 பதிப்பில்கூட 310 கோடி எழுத்தில் சுமார் 15 கோடி 'என்'கள். ஒய் குரோமோசோமில் பாதிக்கு மேல் 'என்'தான். பள்ளிப் புத்தகங்களில் இன்னும் "2003இல் முழுமையடைந்தது" என்றே படிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, மீதி இருந்தது என்று தெரிந்தால்தானே அதைத் தேடிப் போகத் தோன்றும்.

கேள்வி: அந்த இடைவெளிகளை எப்படி அடைத்தார்கள்? யாருடைய டிஎன்ஏ அது? (சென்னை)

யாருடையது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பத்திரிகை விளம்பரம் கொடுத்துத் தன்னார்வலர்களை அழைத்து, பெயர் தெரியாதபடி ரத்தம் எடுத்தார்கள். பழைய ரெஃபரன்ஸ் ஜீனோமில் ஏறக்குறைய 70 சதவீதம் அப்படி வந்த ஒரே ஒருவருடைய டிஎன்ஏ, மீதி பலருடையது. நம் ஒவ்வொருவருக்கும் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. திரும்ப வரும் தொடர்களில் இரண்டு பிரதிகளும் நீளத்திலேயே வேறுபடும். இரண்டு துண்டுகள் ஒத்துப்போகவில்லை என்றால், அவை ஒரே இடத்தின் அப்பா அம்மா பிரதிகளா, ஜீனோமின் வெவ்வேறு இரண்டு இடங்களா, அல்லது வெவ்வேறு இரண்டு ஆட்களா? இந்தக் கேள்விக்கு விடை இல்லாததாலேயே பல இடைவெளிகள் அப்படியே கிடந்தன.

இதைத் தாண்டியது முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தால். கிராமத்துப் பெரியவர்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் தெரிந்த சொல் அது. முட்டையில் தாயின் டிஎன்ஏ இல்லாமல் போய், விந்தணுவின் டிஎன்ஏ மட்டும் இரட்டிப்பாகி வளரும் நிலை. அதிலிருந்து குழந்தை உருவாகாது. கர்ப்பமானவருக்குத் துயரமான விஷயம்தான், ஆனால் அந்தச் செல்களில் இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய ஒன்றேபோல் இருக்கும். சி.எச்.எம் 13 என்ற, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் அப்படிப்பட்ட செல்வரிசையை டெலோமியர் டு டெலோமியர் குழு, சுருக்கமாக டி2டி, எடுத்துக்கொண்டது. அப்பா பிரதியா அம்மா பிரதியா என்ற குழப்பமே இல்லை.

இரண்டாவது, நீளமான துண்டுகள். பேக்பயோ நிறுவனத்தின் ஹைஃபை முறை 15,000 முதல் 20,000 எழுத்து வரை 99.9 சதவீதத் துல்லியத்தில் படிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் முறையில் பிழை கூடுதல், ஆனால் ஒரு லட்சத்தைத் தாண்டி, சில சமயம் பத்து லட்சம் எழுத்தையும் ஒரே துண்டாகப் படிக்கும். பாட்டி நோட்டில் நாலைந்து பக்கம் சேர்ந்தாற்போல் கிடைத்தால், எங்கோ ஓர் இடத்தில் கை தடுமாறி எழுதியதோ மை கொட்டியதோ அடையாளமாகக் கிடைத்துவிடும் இல்லையா, அப்படித்தான். திரும்ப வரும் தொடர்களுக்குள்ளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை நம்புகிற அளவுக்குத் துல்லியமும், ஒரு மாற்றத்திலிருந்து அடுத்த மாற்றம் வரை எட்டுகிற நீளமும் வேண்டும். ஒன்றை ஹைஃபை கொடுத்தது, மற்றதை நானோபோர் கொடுத்தது.

2020இல் எக்ஸ் குரோமோசோம் முனை முதல் முனை வரை முடிந்தது. 2022இல் ஒய் தவிர எல்லாம், மொத்தம் 305 கோடியே 50 லட்சம் எழுத்து, அதில் சுமார் 20 கோடி புதிது. அந்தச் செல்வரிசையில் ஒய் கிடையாது, அதனால் வேறொருவரின் டிஎன்ஏவை எடுத்து 2023 ஆகஸ்டில் ஒய்யை வெளியிட்டார்கள், 6,24,60,029 எழுத்து. பழைய கோப்பில் மூன்று கோடிக்கு மேல் 'என்' இருந்த இடங்களில் எழுத்து வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும்: ரைபோசோம் மரபணு அடுக்குகளை அந்த 2022 பதிப்பிலும் ஒவ்வொரு பிரதியாகப் படித்து முடிக்கவில்லை. எத்தனை பிரதி என்று அளந்து, மாதிரித் தொடரை வைத்து நிரப்பியிருக்கிறார்கள்.

கேள்வி: நெல்லுக்கும் இதே நிலைமையா? (தஞ்சாவூர்)

ஆமாம், ஆனால் நெல் கொஞ்சம் எளிது. 2005இல் ஜப்பானின் நிப்பான்பாரே ரகத்தை வைத்து, மொத்தம் 38.9 கோடி எழுத்தில் சுமார் 37 கோடியை முடித்தார்கள். 11ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியை இந்திய ஆய்வகங்கள் செய்தன. நெல் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் பயிர், அதனால் ஒரு தூய ரகத்தில் இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய ஒன்றுதான், மேலே சொன்ன அந்தப் பெரிய குழப்பம் இல்லை. மீதி இடைவெளிகளும் 2023இல் அடைபட்டன.

கேள்வி: ஐயா, என் அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது, ஆனால் நோய் குடும்பத்தில் இருக்கிறது. இந்த 'என்' இருக்கும் இடத்தில் ஒளிந்திருக்குமோ? (மதுரை)

உங்கள் கவலை புரிகிறது. பரிசோதனைகளில் தேடப்படும் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை 'என்' இல்லாத இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் எழுத்தெல்லாம் தெரிந்திருந்தும், குட்டைத் துண்டு முறையால் எட்ட முடியாத இடங்கள் இருக்கின்றன. பரம்பரைச் சிறுநீரக நோய் ஒன்றுக்குக் காரணம் எம்.யூ.சி 1 மரபணுவில் இருக்கிறது என்று 2013இல்தான் தெரிந்தது. அங்கே 60 எழுத்துள்ள தொடர், ஆளுக்கு ஆள் 20 முதல் 125 தடவை வரை திரும்ப வருகிறது, அதற்குள் ஏழு சி வரிசையாக வரும் ஓர் இடத்தில் எட்டாவதாக ஒரு சி கூடியிருந்தது. வழக்கமான பரிசோதனையில் அது சிக்காது. முகம், தோள், மேல்கைத் தசைகள் மெலியும் நோய் ஒன்றில், 4ஆம் குரோமோசோம் நுனியில் 3,300 எழுத்துத் தொடர் 10 தடவை அல்லது அதற்குக் கீழே குறைந்துபோவதுதான் பிரச்சினை, அதற்கும் தனிப் பரிசோதனை வேண்டும். மருத்துவரிடம் "இந்த நோய்க்குக் காரணமாகத் தெரிந்த மரபணுக்களில் இந்தப் பரிசோதனையால் பார்க்க முடியாதது எது?" என்று கேளுங்கள். நல்ல ஆய்வக அறிக்கையில் அது எழுதியே இருக்கும்.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. 'என்' இருப்பதைவிட ஆபத்தானது, தப்பான எழுத்து நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பது. 21ஆம் குரோமோசோமில் யூ2ஏஎஃப்1 என்று ஒரு மரபணு, சில ரத்தப் புற்றுநோய்களில் அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2009 பதிப்பில் அது ஓர் இடத்தில்தான் இருந்தது. 2013 பதிப்பில் கோப்பதில் நேர்ந்த பிழையால் இல்லாத ஓர் இரண்டாவது பிரதி நுழைந்துவிட்டது. நோயாளியின் துண்டை மென்பொருள் பொருத்திப் பார்க்கிறது, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பொருந்துகிறது, எது என்று நிச்சயம் இல்லாததால் நம்பகத்தன்மை பூஜ்யம் என்று போட்டு அந்தத் துண்டையே ஒதுக்கிவிடுகிறது. நோயாளியிடம் மாற்றம் இருக்கிறது, புதிய, மேம்பட்ட பதிப்பை வைத்துப் பார்த்ததாலேயே அது கண்ணில் படாமல் போகிறது. இதற்கு என்ன தீர்வு கண்டார்கள் தெரியுமா? பொய்யான அந்தப் பிரதியின் மேல் 'என்' போட்டு மூடிய கோப்பை வெளியிட்டார்கள். மூடியதும் உண்மையான இடத்தில் துண்டுகள் சரியாகப் பொருந்திவிட்டன.

கேள்வி: கொரோனா வைரஸ் ஜீனோம் குட்டியானதுதானே, அதிலும் ஏன் 'என்' வந்தது? (கோலாலம்பூர்)

முதல் வூஹான் தொடர் 29,903 எழுத்து, அதில் 'என்' இல்லை. பின்னால் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பதிவேற்றிய மாதிரிகளில்தான் வந்தது. பெரும்பாலான ஆய்வகங்கள் வைரஸை சுமார் 400 எழுத்துள்ள 98 துண்டுகளாக நகலெடுத்துப் படித்தன. ஒவ்வொரு துண்டும் தொடங்க பிரைமர் என்ற ஒரு குட்டி டிஎன்ஏ துணுக்கு ஒட்ட வேண்டும். அந்த ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறிவிட்டால் அந்தத் துண்டு முழுக்கக் கிடைக்காது. டெல்டா வகையில் 72ஆம் துண்டு இப்படிப் போனதால், ஸ்பைக் புரதத்தின் 142ஆம் இடத்து மாற்றம் உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகப் பதிவானது. சில இடங்களில் 'என்' போடாமல் வூஹான் எழுத்தையே எடுத்து நிரப்பிவிட்டார்கள், பார்ப்பவர்களுக்கு வைரஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது போலத் தெரிந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தெரியாததற்கு 'என்' போடுங்கள்.

கேள்வி: புராஜெக்டுக்கு எந்தப் பதிப்பை எடுப்பது? 37, 38, டி2டி மூன்றையும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். (கோவை மாணவியின் இரண்டாம் கேள்வி)

நோயாளிகளின் மாற்றங்களை ஏற்கெனவே உள்ள தரவுத்தளங்களோடு ஒப்பிடுவதென்றால் 38. குறிப்புகள் எல்லாம் அதில்தான் அதிகம், பொய்ப் பிரதிகளை மூடிய கோப்பாகப் பார்த்து எடுங்கள். சென்ட்ரோமியர், திரும்ப வரும் தொடர், ஒய் குரோமோசோம் என்று போனால் டி2டி தவிர வேறு வழியில்லை. ஏனென்றால் 38இல் சென்ட்ரோமியருக்குள் எழுத்து இருந்தாலும் அது கணினி மாதிரியாக உருவாக்கியது, ஒருவரின் டிஎன்ஏவை வரிசையாகப் படித்ததல்ல. பழைய தரவு 37இல் இருந்தால் முகவரியை மாற்றாமல் 38ஓடு சேர்க்கவே கூடாது. 37, 38 இரண்டில் எதை எடுத்தாலும் அதே தளத்தில் இடைவெளி அட்டவணை என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை 'என்', அது டெலோமியரா, குட்டைக் கையா, இறுகிய பகுதியா என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதலில் அதை இறக்கிப் படித்துவிடுங்கள், அப்புறம் ஜீனோமைத் திறக்கலாம்.